நல்லா பாடிக்கிட்டு இருக்குற செட்டுல சும்மா அப்டேட் போடாதீங்க

நேத்து ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் வந்து, "அண்ணே, புது சவுண்ட்பார்ல அப்டேட் இருக்குனு காட்டுது, அமுக்கிரட்டுமா"ன்னு கேட்டான். இப்ப தொடாதடா, இருன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டான். டீக்கடையில நின்னு அவன்கிட்ட அரைமணி நேரம் சொன்னதை இங்க முழுசா எழுதுறேன், ஏன்னா இதே கேள்விய இந்த வருஷத்துல நாலு பேராவது என்கிட்ட கேட்டுட்டாங்க.

எங்க வீட்டு ஹால்ல ஒரு ஏவி ரிசீவர் இருக்கு, அதாவது டிவி, பிளேயர் எல்லாத்தோட சத்தத்தையும் வாங்கி ஸ்பீக்கர்களுக்கு பிரிச்சு அனுப்புற ஆம்ப்ளிஃபையர் பெட்டி. அப்பா ரிட்டயர் ஆனப்ப வந்த பணத்துல ஆசைப்பட்டு வாங்குனது. பவர் பட்டனை அமுக்குனா ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு உள்ள ரிலே "டக்"னு ஒரு சத்தம் போடும், அந்த சத்தம் வந்தாத்தான் அப்பா ரிமோட்டை கையில எடுப்பாரு. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த டக் சத்தம் கேட்டா அம்மா காபி போட ஆரம்பிச்சிரும், அப்படி ஒரு பழக்கம் வீட்ல.

போன வருஷம் புது டிவி வாங்குனோம். அதுல இருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சத்தம் கட் ஆகி கட் ஆகி வந்துச்சு. நெட்ல தேடுனா எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், ஃபர்ம்வேரை, அதாவது செட்டுக்குள்ள ஓடுற புரோகிராமை, அப்டேட் பண்ணு சரியாயிடும். நானும் கம்பெனி சைட்ல ஃபைலை இறக்கி, பென்டிரைவ்ல போட்டு, மேனுவல்ல சொன்னபடி பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆரம்பிச்சேன். டிஸ்பிளேல பர்சன்டேஜ் ஏறுது, 20, 35, 50. 63ல இருக்கும்போது கரண்ட் போச்சு.

அந்த நிமிஷம் இன்னும் கண்ணுல நிக்குது. இன்வெர்டர் இருக்கு, ஆனா டிவி பிளக் இன்வெர்டர் லைன்ல இல்ல. தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கு, மூலையில ரவுட்டர் லைட் பச்சையா எரிஞ்சுக்கிட்டு இருக்கு, ரிசீவரோட டிஸ்பிளே மட்டும் கருப்பா இருக்கு. நாலு நிமிஷத்துல கரண்ட் வந்துருச்சு. செட் வரல. முன்னாடி இருக்குற சிவப்பு லைட் மட்டும் விட்டு விட்டு மின்னுது, எந்த பட்டனை அமுக்குனாலும் அதே மின்னல்தான், டக் சத்தம் வரவே இல்ல. அப்பா சாயங்காலம் வந்து உக்காந்து, "என்னடா, சத்தமே காணோம்"னு கேட்டாரு. எனக்கு பதில் சொல்ல வாய் வரல.

கரண்ட் போனா செட் ஏன் செத்துப் போகணும்னு கேப்பீங்க. ஃபர்ம்வேர்ங்கிறது செட்டுக்குள்ள ஒரு ஃப்ளாஷ் சிப்ல எழுதி வச்சிருக்குற புரோகிராம். ஆன் ஆகுறதுல இருந்து ஹெச்டிஎம்ஐ, டால்பி டீகோடிங், ரிமோட், டிஸ்பிளே வரைக்கும் எல்லாமே அதை வச்சுத்தான் ஓடுது. அப்டேட் பண்ணும்போது பழசை அழிச்சுட்டு அந்த இடத்துலயே புதுசை எழுதுற செட்டுகள் நிறைய இருக்கு. பாதியில நின்னா பழசும் இல்ல, புதுசும் முழுசா இல்ல. ரிசீவர்ல இன்னும் ஒரு சிக்கல், உள்ள ஒரே ஒரு பிராசஸர் கிடையாது, மெயின் கன்ட்ரோலர் தனி, சவுண்டை கையாள்ற டிஎஸ்பி சிப் தனி, நெட்வொர்க் மாட்யூல் தனி, ஒவ்வொண்ணா வரிசையா எழுதிக்கிட்டு போகும், அதனாலதான் சில செட்டுல முக்கால் மணி, ஒரு மணி நேரம் கூட ஆகும், நடுவுல டிஸ்பிளே அணைஞ்சு மறுபடி வரும். அதைப் பாத்துட்டு ஹேங் ஆயிருச்சுன்னு நினைச்சு பிளக்கை புடுங்குறவங்க எத்தனை பேர்!

ஃபோன்ல இந்தப் பயம் பெரும்பாலும் இல்ல. ஆண்ட்ராய்டுல 2016லயே கூகுள் ரெண்டு ஸ்லாட் முறைய கொண்டு வந்தாங்க, நீங்க ஒரு ஸ்லாட்ல ஃபோனை ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே இன்னொரு ஸ்லாட்ல புதுசு எழுதப்படும், அது சரியா எழும்பலைன்னா பழசுக்கே திரும்பிரும். பத்தாயிரம் ரூவா ஃபோன்ல பண்ண முடியுறதை அறுபதாயிரம் ரூவா ரிசீவர்ல ஏன் எல்லாரும் பண்றதில்லங்கிறதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறாத கோவம். சில கம்பெனி பாதியில நின்ன அப்டேட்டை மறுபடி ஏத்துறதுக்கு ரிகவரி மோடு வச்சிருக்காங்க, நல்ல விஷயம், ஆனா வாங்குறப்ப அது இருக்கா இல்லையானு கடைக்காரரும் சொல்ல மாட்டாரு, பெட்டியிலயும் போட்டிருக்காது.

எங்க செட்டு கதைக்கு வர்றேன். சர்வீஸ் சென்டர்ல போர்டையே மாத்தணும், முப்பதாயிரத்துக்கு மேல ஆகும், போர்டு வர்றதும் உறுதி இல்லைனு சொல்லிட்டாங்க. கடைசியில பஜார்ல டிவி ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனேன். மூடியை கழட்டி, டேபிள் லைட்டை பக்கத்துல இழுத்து, போர்டுல நகத்தளவு கூட இல்லாத எட்டுக் கால் சிப் ஒண்ணைக் காட்டுனாரு. "தம்பி, உங்க செட்டோட உயிர் இதுலதான் இருக்கு"ன்னாரு. துணி காயப்போடுற கிளிப் மாதிரி ஒண்ணை அந்த சிப் மேல கவ்வ வச்சு, சின்ன யூஎஸ்பி புரோகிராமர்ல மாட்டி உள்ள இருக்குறதை படிச்சாரு. பாதி வரைக்கும் டேட்டா, அதுக்கு மேல வரிசையா எஃப் எஃப் எஃப்னு வெறும் காலி இடம். என் 63 பர்சன்ட் எங்க நின்னுச்சுன்னு ஸ்கிரீன்லயே தெரிஞ்சுது.

அதே மாடல் இன்னொரு செட்ல இருந்து டேட்டாவை காப்பி எடுக்கணும், அந்த செட்டை தேடிப் புடிக்கவே 11 நாள் ஆச்சு. அதை அப்படியே போட்டா அந்த செட்டோட மேக் அட்ரஸும் (நெட்வொர்க்ல ஒவ்வொரு செட்டுக்கும் இருக்குற தனி அடையாள நம்பர்) வந்துரும்னு எங்க சிப்ல மிச்சம் இருந்த பகுதியை தனியா எடுத்து வச்சு சேர்த்து எழுதுனாரு. அவ்வளவு பொறுமை. டக் சத்தம் வந்தப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு. எல்லாருக்கும் இப்படி ஒரு அண்ணன் கிடைக்க மாட்டாரு, எல்லா செட்லயும் புரோகிராம் இப்படி வெளிய எட்டுக் கால் சிப்லயும் இருக்காது, கன்ட்ரோலருக்குள்ளயே இருந்தா இந்த கிளிப் வேலை நடக்காது.

இன்னொண்ணு சொல்லணும். வீட்டுக்கு கொண்டு வந்து மாட்டுனா மறுபடி அதே சத்தம் கட் ஆகுற பிரச்சனை. சித்தப்பா வீட்ல இருந்து ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிளை வாங்கிட்டு வந்து மாத்துனேன், போயிருச்சு. அன்னையில இருந்து ஒரு தடவை கூட கட் ஆகல. ஐநூறு ரூவா கேபிள்ல முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம். ஃபர்ம்வேர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி கேபிளை மாத்துங்க, வேற போர்ட்ல மாட்டிப் பாருங்க, பிளக்கை கழட்டி பத்து நிமிஷம் விட்டு மாட்டுங்க, டிவியோட சவுண்ட் செட்டிங்கை பாருங்க. சில கோளாறு ஃபர்ம்வேருக்கு அடங்கவும் அடங்காது. 2020ல டெனான், மராண்ட்ஸ், யமஹா ரிசீவர்கள்ல எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸை மாட்டி 4கே படத்தை செகண்டுக்கு 120 ஃபிரேம்ல ஓட்டுனா படம் வரலைனு வந்துச்சு, அது ஹெச்டிஎம்ஐ சிப்லயே இருந்த தப்பு, கடைசியில டெனான், மராண்ட்ஸ்காரங்க தனியா அடாப்டர் பெட்டி குடுத்தாங்க, யமஹா போர்டை மாத்திக் குடுத்தாங்க.

கரண்ட் போகாம ஒழுங்கா அப்டேட் முடிஞ்சாலும் நிம்மதினு சொல்ல முடியாது. 2025 மார்ச்ல சாம்சங்கோட ஹெச்டபிள்யூ-க்யூ990டி சவுண்ட்பாருக்கு 1020.7னு ஒரு அப்டேட் வந்துச்சு. அப்ப அவங்களோட உச்ச மாடல்கள்ல ஒண்ணு அது. அப்டேட் ஏறுன செட்டுகள் பலது இ-ஏஆர்சினு (ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியா டிவி சத்தத்தை வாங்குற வழி) காட்டிக்கிட்டு அப்படியே உறைஞ்சு போச்சு, ரிமோட்டும் கேக்கல, ரீசெட்டும் கேக்கல. நிறைய பேர் எந்த பட்டனையும் அமுக்கவே இல்ல, ஆட்டோ அப்டேட் ஆன்ல இருந்துச்சு, அவ்வளவுதான். அப்புறம் இலவசமா சரி பண்ணித் தர்றோம்னு கம்பெனி அறிவிச்சாங்க. அதே கம்பெனியோட ப்ளூரே பிளேயர்களும் சில ஹோம் தியேட்டர் செட்டுகளும் 2020 ஜூன்ல ஒரே நேரத்துல உலகம் பூரா தானா ஆஃப் ஆகி ஆன் ஆகி சுத்திக்கிட்டே இருந்துச்சு. நெட் வழியா வந்த ஒரு செட்டிங் ஃபைல்ல இருந்த கோளாறுனு அதை ஆராய்ஞ்சவங்க கண்டுபுடிச்சாங்க.

பிடிக்கலைன்னா பழசுக்கு திரும்பிரலாம்னு நம்பாதீங்க. பல செட்டுல பழைய வெர்ஷனை போட்டா ஏத்துக்காது. வைஃபை ஸ்பீக்கர் பண்ற சோனோஸ் கம்பெனி 2024 மே மாசம் அந்த ஸ்பீக்கர்களை ஓட்டுற ஃபோன் ஆப்பை புதுசா மாத்துனாங்க, அலாரம், ஸ்லீப் டைமர் எல்லாம் காணாம போய் ஜனங்க கொதிச்சாங்க, பழைய ஆப்பையே திருப்பிக் குடுங்கனு கேட்டாங்க. முடியாதுன்னுட்டாங்க, ஏன்னா அதுக்குள்ள ஸ்பீக்கர்ல ஓடுற சாஃப்ட்வேரும் கிளவுடும் சேர்ந்து மாறியிருச்சு. 2025 ஜனவரில அந்த கம்பெனி சிஇஓவோட பதவியே போச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே திரும்பி வர வழி இல்லாதப்ப நம்ம ஹால்ல உக்காந்து நாம என்ன பண்ண முடியும்?

அப்ப அப்டேட்டே வேண்டாமானு கேட்டா, அப்படி நான் சொல்லல. 2025 ஏப்ரல்ல ஏர்பார்ன்னு ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்துச்சு, ஆப்பிளோட ஏர்பிளே (வைஃபை வழியா பாட்டு, படம் அனுப்புற வசதி) வச்சிருக்குற மத்த கம்பெனி ஸ்பீக்கர், ரிசீவர்கள்லயும் ஒரே வைஃபைல இருக்குறவன் உள்ள நுழையலாம்ங்கிற மாதிரி. அதுக்கு வர்ற அப்டேட்டை போட்டே ஆகணும். வந்த அன்னைக்கே போடாம ரெண்டு மூணு வாரம் பொறுத்து, அதே மாடல் வச்சிருக்குறவங்க என்ன சொல்றாங்கனு பாத்துட்டு போடுங்கனுதான் சொல்றேன். "பக் ஃபிக்ஸ்"னு ஒத்தை வரியில மட்டும் போட்டிருந்தா நான் தொடவே மாட்டேன்.

போடுற அன்னைக்கு செட்டை கம்ப்யூட்டர் யூபிஎஸ்ல மாட்டிருங்க, பாட்டு ஓடாம சும்மா இருக்குறப்ப ரிசீவர் பெருசா கரண்ட் இழுக்காது, சின்ன யூபிஎஸ்ஸே தாங்கும். பேப்பர்ல உங்க ஏரியாவுக்கு பராமரிப்பு மின்தடை போட்டிருக்காங்களானு பாருங்க, மழை நாள்ல ஆரம்பிக்காதீங்க. வைஃபையை நம்பாம லேன் கேபிள் போடுங்க. பென்டிரைவ்னா மேனுவல்ல சொன்ன ஃபார்மட், பெரும்பாலும் ஃபேட்32. மாடல் நம்பரை செட்டுக்கு பின்னாடி ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல பாத்து கடைசி எழுத்து வரைக்கும் சரிபாருங்க, ஒரே பேர்ல வேற நாட்டு மாடலுக்கு வேற ஃபைல் இருக்கும். ஸ்பீக்கர் லெவல், தூரம், கிராஸ்ஓவர் (பேஸை எந்த அளவுல சப்வூஃபருக்கு பிரிச்சு விடுறதுங்கிற செட்டிங்) எல்லாத்தையும் மெனுல இருந்து போட்டோ எடுத்து வச்சுக்கங்க, எங்க செட்ல எல்லாமே போயிருச்சு, மைக்கை வச்சு மறுபடி முதல்ல இருந்து அளந்தோம், அப்பா இன்னும் "முன்ன மாதிரி பேஸ் இல்லடா"ன்னுதான் சொல்றாரு.

அந்தத் தம்பி சவுண்ட்பார்ல ஆட்டோ அப்டேட் ஆன்லயே இருந்துச்சாம், ராத்திரி ஆஃப் பண்ணிட்டு மெசேஜ் போட்டான். உங்க செட்ல அந்த ஆப்ஷன் எங்க இருக்குனு தெரியலைன்னா மாடல் நம்பரை கமென்ட்ல போடுங்க, மேனுவலை பாத்து சொல்றேன்.