அந்தக் கிடா என்ன தின்றது என்று யாரும் கேட்கவில்லை

மேடையில் ஒரு நாட்டுக் கிடாவையும் ஒரு கலப்பினக் கிடாவையும் தராசில் ஏற்றி எடைபோட்ட அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே மூன்று நாளில் இருபது பேர் அனுப்பிவிட்டார்கள். மேடையில் பேசியவர் யார், எந்த ஊர்க் கூட்டம் என்பதெல்லாம் எழுதப் போவதில்லை. எனக்கு அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மேச்சேரி என்பது எங்கள் பக்கத்து நாட்டுச் செம்மறி இனம். ஒரு வயது மேச்சேரிக் கிடா 24 கிலோ. அதே வயது கலப்பினக் கிடா 45 கிலோ. "இதை வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்படுகிறீர்கள் பெரியவரே?" என்று மேடையில் பேசியவர் கேட்டதும் கூட்டம் சிரித்தது. மேச்சேரியைக் கொண்டுவந்திருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிடாவை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அத்தனை பேரில் ஒருவர்கூட, அந்த இரண்டு கிடாக்களும் ஒரு வருடமாக என்ன தின்றன என்று கேட்கவில்லை.

நான் சொல்கிறேன். பெரியவருடைய கிடா கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், மேய்ந்தது. மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல். புல் காய்ந்துவிட்டால் வெள்வேல மரத்தடியில் உதிர்ந்த காய். நடந்து போய் மேய்ந்து, நடந்தே திரும்பி வந்தது. இன்னொன்று பரண் கொட்டகையில் நின்றது. மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் தவிடும் அதன் வாய்க்கே வந்தன. நாளைக்கு 400 கிராம் அடர் தீவனம் என்று வைத்தாலும், பால்குடி மறந்த பிறகுள்ள ஒன்பது மாதத்தில் 108 கிலோ. அந்த 108 கிலோவைத் தராசுக்குப் பக்கத்தில் மூட்டையாக அடுக்கி வைத்திருந்தால் கூட்டம் சிரித்திருக்குமா?

மேய்ச்சலில் மட்டும் ஒரு வருடத்தில் 24 கிலோ வந்த மேச்சேரி நல்ல கிடா. ஆடு வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். நன்றாக வளர்ந்த மேச்சேரிக் கிடாவே சுமார் 35 கிலோதான், பெட்டை 22 கிலோ. எங்கள் பக்கம் மயிலம்பாடி என்றும் சொல்வார்கள். கம்பளி கிடையாது, கிடாவுக்கும் கொம்பு இல்லை, தோலுக்குத் தனி மதிப்பு. மழை குறைந்த மண்ணில், கிடைத்ததைத் தின்று, குட்டி போட்டு, அந்தக் குட்டிக்குப் பாலும் கொடுப்பதற்காகப் பல தலைமுறையாகத் தேறி வந்த உடம்பு அது.

உடனே ஒருவர் வருவார்: "பாசம் சோறு போடாது, விவசாயிக்குக் காசு வேண்டும்." காசைப் பற்றித்தான் நானும் பேசுகிறேன். 45 கிலோ விற்ற காசைச் சொன்னீர்கள். தீவனக் காசைச் சொன்னீர்களா? கொட்டகைக் காசு, செத்துப்போன குட்டியின் காசு? வரவை மட்டும் காட்டுவது கணக்கு ஆகாது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் நானே ஏமாந்தவன். பழைய நண்பர்களுக்கு நினைவிருக்கும், 2019-ல் இதே பக்கத்தில் ஒரு வேற்றினக் கிடாவின் படம் போட்டிருந்தேன். 68 கிலோ. அத்தனை விருப்பக்குறி எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை. அதை 26 மேச்சேரிப் பெட்டைகளோடு விட்டேன். குட்டிகள் பெரிதாக வந்தன, நான்கு கிலோ வரைக்கும். தாயோ 22 கிலோ. இரண்டு பெட்டைகள் குட்டி போட முடியாமல் திணறின. ஒன்றை இரவு இரண்டு மணிவரை மடியில் தலைவைத்துப் பிடித்திருந்தேன். குட்டியை இழுத்தெடுத்தோம், தாய் பிழைக்கவில்லை. அது ஐந்து ஈத்து ஈன்ற ஆடு. ஒருமுறைகூட எனக்குச் சிரமம் கொடுத்ததில்லை.

மிச்சமிருந்த குட்டிகள் புண்ணாக்கு போட்டவரைக்கும் மளமளவென்று வளர்ந்தன. ஊரே வந்து பார்த்தது. அந்தப் பெருமையில் பெட்டைக் குட்டிகளை விற்காமல் வைத்துக்கொண்டேன். கிடாவையும் மாற்றவில்லை. அப்பனும் மகளும் ஒரே பட்டியில். அதில் பிறக்கும் குட்டிக்கு உள்ளினச் சேர்க்கை, அதாவது நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே சேர்வதன் அளவு, 25 சதவீதம் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஈத்தில் பாதி சோனி. முதல் கலப்பில் வருகிற வீரியம் அடுத்த தலைமுறையில் அப்படியே தொடராது என்பதையும் அப்போதுதான் கற்றேன். ஐப்பசி மழை பிடித்ததும் குடற்புழு. கண் இமையை விலக்கிப் பார்த்தால் வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கும். தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். மருந்து கொடுத்தோம், டாக்டரும் வந்தார். பதினொரு குட்டிகளைப் புதைத்தேன். பக்கத்துத் தோட்டத்துக் கிடாவுக்குப் பிறந்த மேச்சேரிக் குட்டிகளும் அதே மழையில்தான் நனைந்தன, அதே காட்டில்தான் மேய்ந்தன. அவையும் இளைத்தன. ஆனால் ஒன்றும் சாகவில்லை.

இதைப் படித்துவிட்டு "நாட்டு ஆட்டுக்கு நோயே வராது" என்று யாரும் பகிர வேண்டாம். ஆட்டுக்கொல்லி நோய் வரும், துள்ளுமாரி வரும். 1990-களின் இறுதியில் நீலநாக்கு நோய் தென் மாவட்டங்களில் நம் ஆடுகளைத்தான் வாரிக்கொண்டு போனது. தடுப்பூசி போட்டே ஆக வேண்டும்.

"அப்படியானால் நீ அறிவியலுக்கு எதிரியா?" இந்தக் கேள்விதான் என்னை மிகவும் வருத்துகிறது. எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர்கள் என்று எங்களை நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். நான் கேட்பதே அறிவியல்தான். இரண்டு கிடாக்களை ஒப்பிட்டால் ஒரே தீவனம், ஒரே காடு, ஒரே பராமரிப்பு கொடுத்துவிட்டு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் எடை போட்டது தீவனத்தை, இனத்தை அல்ல.

இன்னும் ஒன்று. நம் ஆடுகள் சிறுத்துப் போயிருப்பது உண்மை. என் தாத்தா காலத்துக் கிடாக்கள் இப்போது இல்லை. ஏன்? ஆடி நோன்புக்கும் தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முன்னால் வியாபாரி பட்டிக்கு வருகிறார். முதுகைத் தடவிப் பார்க்கிறார். எது வேகமாக வளர்ந்திருக்கிறதோ அதற்குத்தான் முதலில் விலை பேசுகிறார். நாமும் கொடுத்துவிடுகிறோம். வேகமாக வளர்ந்ததெல்லாம் கத்திக்குப் போகிறது, விலை போகாமல் நின்றது அடுத்த தலைமுறைக்கு அப்பனாகிறது. இதையே முப்பது வருடம் செய்தால் எந்த இனம்தான் சிறுக்காது? நல்ல கிடாவை நிறுத்திப் பொலிகிடாவாக வைத்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் மாற்றினால், அதாவது வேறு பட்டியிலிருந்து கிடா கொண்டுவந்தால், போதும். 25, 30 பெட்டைக்கு ஒரு கிடா. இதைத்தான் அந்த மேடையில் பேசியிருக்க வேண்டும். சேலம் பொட்டனேரியில் மேச்சேரிக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

நம் பக்கத்துக் கால்நடைக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆந்திரத்து ஓங்கோல் மாடு பிரேசிலுக்குப் போய் நெல்லூர் என்ற பெயரில் அந்த நாட்டின் முக்கியமான இறைச்சி மாடாகிவிட்டது. அங்கே எடை குறித்தார்கள், வம்சாவளி எழுதினார்கள், நல்ல காளையை நிறுத்தினார்கள். வங்காளத்து கரோல் ஆட்டைப் பாருங்கள். குள்ளமான ஆடு. அந்த வீடியோத் தராசில் ஏற்றினால் இன்னும் அதிகமாகச் சிரித்திருப்பார்கள். ஒரே ஈத்தில் இரண்டு மூன்று குட்டி போடவைக்கும் மரபணு அதில்தான் இருந்தது. மகாராஷ்டிரத்தின் பல்டணில் அதை எடுத்துத் தக்காண ஆட்டில் சேர்த்து நாரி சுவர்ணா என்ற புது ஆட்டை உருவாக்கினார்கள். எடை குறைவு என்று கரோலை அழித்திருந்தால் அந்த மரபணுவுக்கு எங்கே போவது?

"மாட்டுக்கு என்ன சொல்கிறாய், காங்கேயம் இரண்டு லிட்டர்தானே கறக்கிறது?" ஆமாம். அது உழவுக்கும் வண்டிக்கும் வளர்க்கப்பட்ட மாடு. என் வீட்டிலும் ஜெர்சிக் கலப்பு ஒன்று நிற்கிறது, வீட்டுச் செலவு அதில்தான் ஓடுகிறது. அதை வைத்திருக்கும் யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்காகக் காங்கேயம் மயிலை மாட்டுக்குப் பொலிகாளை இல்லாமல் ஆக வேண்டுமா? 2017-ல் மெரினாவில் நாட்டு மாடு, நாட்டு மாடு என்று தொண்டை கட்டக் கத்தினோம். 2019 கணக்கெடுப்பில் நாட்டு மாடுகள் நாடு முழுக்க 2012-ஐ விட 6 சதவீதம் குறைந்திருந்தன, கலப்பினம் சுமார் 27 சதவீதம் கூடியிருந்தது. கத்தியவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு கன்றுக்குட்டி இருக்கிறது?

ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் மாட்டைக் காட்டில் பட்டி போட்டுத்தான் வளர்க்கிறார்கள். 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மேய்ச்சல் தடை வந்தது, பிறகு அது தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருங்கியது. 2024-ல் அந்த மலைக்காடுகளையும் சேர்த்துத் தந்தை பெரியார் சரணாலயம் அறிவித்தார்கள். காடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செம்பழுப்பில் வெள்ளைத் திட்டோடு பாறையில் ஏறுகிற அந்த மாட்டைக் கொட்டகையில் கட்டி வளர்க்கச் சொன்னால் அது பர்கூர் மாடாக இருக்குமா? எங்கள் பக்கத்துக் கொரங்காடும் மனைகளாகிக்கொண்டிருக்கிறது. கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல் நடுகிறார்கள். மேய இடம் எடுத்துக்கொள்வதும் நாம், நல்ல கிடாவை விற்பதும் நாம், கடைசியில் 24 கிலோதானா என்று சிரிப்பதும் நாம்.

"ஒரு சின்னச் சிரிப்பு, அதற்கு இவ்வளவா?" என்று நேற்றே ஒருவர் கேட்டுவிட்டார். சின்னதுதான். என் அப்பாவுக்கும் இப்படி ஒருமுறை சந்தையில் நடந்தது. அதற்குப் பிறகு அவர் ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுபோனதே இல்லை. விற்பதானால் என்னைத்தான் அனுப்புவார்.

வீடியோவை மறுபடி நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பெரியவருடைய கிடாவின் கால்கள் நேராக நிற்கின்றன. முதுகு தாழவில்லை, நடையில் தளர்ச்சியில்லை. என் பட்டிக்கு இந்த வருடம் ரத்தம் மாற்ற வேண்டும். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பொதுவில் எழுதாமல் உள்பெட்டியில் மட்டும் சொல்லுங்கள். நேரில் போய்க் கேட்கிறேன். அவர் சொல்வதுதான் விலை.