உருவம் இருந்தால் போலியா?

"இஸ்லாமியக் காசில் மனித உருவம் இருக்கவே இருக்காது, இருந்தால் போலி" என்றொரு செய்தி நாணயம் சேகரிப்பவர்களிடையே சுற்றி வருகிறது. இது தவறு.

7ஆம் நூற்றாண்டில் சிரியாவை ஆண்ட உமையாக்கள் என்ற முஸ்லிம் அரச மரபினர், மக்கள் ஏற்கெனவே பழகியிருந்த பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) காசுகளின் சாயலிலேயே செம்புக் காசுகளை அடித்தார்கள். ஹிம்ஸ் நகரத்துக் காசு ஒன்றைப் பாருங்கள்: ஒரு பக்கம் பைசாந்தியப் பேரரசரின் மார்பளவு உருவம், மறுபக்கம் காசின் மதிப்பைக் குறிக்கும் பெரிய 'எம்' எழுத்து. கிரேக்கம், அரபி இரண்டிலும் 'நல்ல காசு' என்ற சான்று வேறு.

அதற்குப் பின் 690களில், உமையா ஆட்சியாளரான கலீஃபா அப்துல் மலிக் காலத்தில் வந்தவை இன்னும் அருமையானவை. தாடியோடு நிற்கும் கலீஃபா, கை வாளின் பிடியில். பின்பக்கம், பைசாந்தியக் காசில் படிகள்மேல் நின்ற சிலுவை இருந்த இடத்தில் வெறும் கம்பம்.

ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696-97) தங்கக் காசு முழுக்க எழுத்துகளுக்கு மாறியது, வெள்ளி இரண்டு வருடம் கழித்து. செம்பில் மட்டும் அதற்கு அப்புறமும் யானை, மீன் என்று உருவங்கள் வந்தன.

போலிகள் சந்தையில் உண்டு, சரி. எடை, எழுத்தமைப்பு, அச்சு ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உருவத்தைக் கண்டதும் நல்ல காசைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.