ஆர்க்கியாப்டெரிக்ஸை எங்கே பிரிப்பது?

பள்ளியில் தமிழ் வகுப்பில் ‘நடந்தனன்’ என்ற சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்து எழுதிவிட்டு, அடுத்து விலங்கியலுக்குப் போவோம். அங்கே ‘ஆர்க்கியாப்டெரிக்ஸ்’ என்ற ஆதிப்பறவை வந்தது. யாரும் பிரித்துக் காட்டவில்லை. ஆர்க்கி, யாப், டெரிக்ஸ் என்று நானே மூன்று துண்டாக்கி மனப்பாடம் செய்தேன். ஒரு துண்டுக்கும் பொருள் கிடையாது.

அதில் இருப்பவை இரண்டே கிரேக்கச் சொற்கள். ஆர்க்கயோஸ் என்றால் பழையது, ப்டெரிக்ஸ் என்றால் சிறகு. பழஞ்சிறகு! ஜெர்மனியின் பவேரியாவில், சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த புதைபடிவத்துக்கு 1861-இல் தொல்லுயிரியலாளர் ஹெர்மன் ஃபான் மேயர் வைத்த பெயர். அதே ஆண்டு பிரான்சில் பிறந்த சொல்தான் ஹெலிகாப்டர். அதுவும் ஹெலி, காப்டர் இல்லை, ஹெலிக்கோ, ப்டெர். சுருள், சிறகு. அந்த ‘ப்’ பின்னால் வரும் சிறகுக்குச் சொந்தம். பழங்காலப் பறக்கும் ஊர்வனவான டெரோடாக்டிலின் பெயரும் அதே ‘ப்டெர்’ கொண்டுதான் தொடங்குகிறது; ஆங்கிலத்தில் சொல்லும்போது அந்த ‘ப்’ முதலில் நிற்பதால் ஒலிக்காமல் போகிறது. கிரேக்கர்கள் அதை ஒலித்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது குறில் நெடில் கணக்கு. இந்தப் பெயர்களுக்கு லத்தீன் வழக்கில் ஒரு விதி உண்டு: கடைசிக்கு முந்தைய அசையில் நெடிலோ, இரட்டை உயிரோ, அடுத்தடுத்து இரண்டு மெய்யோ இருந்தால் அழுத்தம் அங்கே, இல்லாவிட்டால் அதற்கும் முந்தைய அசையில். டிப்ளோடோக்கஸ் என்ற டைனோசரின் பெயரில் ‘டோ’வை நீட்டிச் சொல்கிறோம். அது டிப்ளொஸ், டொகொஸ், இரட்டை உத்திரம். வாலின் அடியில் உள்ள எலும்புகளை வைத்து 1878-இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் மார்ஷ் சூட்டிய பெயர். டொகொஸில் இரண்டும் குறில். அதனால் அழுத்தம் ‘ளொ’வில் விழ வேண்டும். ரோமன் எழுத்தில் எல்லாம் ஒரே ‘ஓ’ என்பதால் இது கண்ணுக்கே தெரியாது. கிரேக்கத்தில் ஒ, ஓ இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. எ, ஏ இரண்டுக்கும் அப்படியே. நம்மிடமும் இருக்கிறதே! இந்தப் பெயர்களைக் குறில் நெடிலோடு எழுத நம் எழுத்துக்கு முடியும். அப்படியிருக்க ஆங்கில ஒலிப்பைப் பார்த்து எழுதிப் பாழாக்குகிறோம்.

விலங்குப் பெயரிடலுக்கான சர்வதேச விதிநூல் எழுத்துக்கூட்டலைத்தான் கட்டுப்படுத்துகிறது, ஒலிப்பை அல்ல. அதனால் யார் எப்படி உச்சரித்தாலும் நான் சண்டைக்குப் போக மாட்டேன். பாடநூலில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி மட்டும் போடுங்கள். கைரோப்டெரா = கெய்ர் (கை) + ப்டெரோன் (சிறகு). கைவிரல்கள் நீண்டு சிறகான வௌவாலை அந்தப் பெயரே காட்டிவிடும்.