பெங்களூரில் வேலையின்மை குறைந்ததாம், எந்தக் கணக்கில்?

"கர்நாடக நகர்ப்புறத்தில் வேலையின்மை குறைந்தது" என்று ஒரு வரிச் செய்தி வந்தால் போதும், விதான சௌதா படத்தோடு பகிர ஆரம்பித்துவிடுகிறார்கள். அது பெங்களூரின் எண்ணே இல்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரலில் தொடங்கிய பிஎல்எஃப்எஸ் என்கிற வேலைநிலைக் கணக்கெடுப்பின் காலாண்டு அறிக்கையில் வருவது மாநிலத்தின் மொத்த நகர்ப்புறம். மைசூரு, ஹூப்ளி, மங்களூரு எல்லாம் அதில் சேர்த்தி.

அடுத்தது, யாரை வேலையில் இருப்பவர் என்று எழுதிக்கொள்கிறார்கள் என்பது. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் போதும். ஒரு மணி நேரம்! வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சித்தாள் வேலை கிடைத்தவரும் ஆறு நாள் கூலி வாங்கியவரும் ஒரே கட்டத்தில். அல்சூரில் இஸ்திரி வண்டியில் கணவருக்குக் கூலியில்லாமல் உதவுகிற மனைவியும் அதே கட்டம்தான். அதைத் தவறு என்று சொல்லவில்லை, உழைக்கிறார்தானே. ஆனால் கையில் காசு வந்ததா என்பதை இந்த எண் சொல்லாது.

வேலையின்மை விகிதம் எப்படி இறங்குகிறது என்று கணக்குப் போட்டே பாருங்கள். ஒரு பகுதியில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 1,000 பேர். வேலையில் 500, வேலை தேடுவோர் 50. இந்த 50-ஐ வகுக்க வேண்டியது 1,000-ஆல் அல்ல, இரண்டும் சேர்ந்த 550-ஆல். விடை 9.1 சதவீதம். தேடுவோரில் 20 பேர் சலித்துப்போய், இனி தேடவும் இல்லை, கூப்பிட்டாலும் வரவில்லை என்று ஒதுங்கிவிட்டால் 30-ஐ 530-ஆல் வகுப்போம்: 5.7. ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை, விகிதம் மட்டும் சரிந்துவிட்டது. அதனால்தான் நூறு பேரில் எத்தனை பேர் வேலையில் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள். அது 50-லேயே நிற்கும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

பெங்களூருக்கு அந்த வைத்தியமும் போதாது. அந்த 20 பேரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு தர்மபுரிக்கோ திருவண்ணாமலைக்கோ போய்விட்டால்? இங்கே மிச்சம் 980 பேர், அவர்களில் வேலையில் 500. அதாவது 51 சதவீதம். வேலை கிடைக்காதவர்கள் ஊருக்குப் போனதாலேயே நகரம் முன்னேறியதாகக் கணக்கு காட்டும்.

கணக்கெடுப்பு நடப்பது வீட்டு வாசலில், ஆலை வாசலில் அல்ல. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை போனவர் ஓசூரில் குடியிருந்தால் அவர் தமிழ்நாட்டுக் கணக்கு. 2001 பிப்ரவரி 28-ல் கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) சுரங்கம் மூடப்பட்ட பிறகு, விடியற்காலை அங்குள்ள மாரிக்குப்பத்தில் ரயிலேறி இங்கே வேலைக்கு வருகிறவர்கள் கோலார் கணக்கு. இங்கே ஆர்டர் குறைந்தால் வேலையின்மை ஏறுவது அங்கே. என்னைக் கேட்டால், பெங்களூர், ஓசூர், கேஜிஎஃப் ஆகிய மூன்று ஊரையும் ஒரே வேலைச் சந்தையாக எண்ணாத எந்த விவாதமும் அரைகுறைதான்.

பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்குகளின் எண்ணிக்கையைக் காட்டி, வேலை பெருகியது என்று வாதாடுவோரும் உண்டு. பிஎஃப் சட்டம் 20 பேராவது இருக்கும் நிறுவனங்களுக்கு. 19 பேர் இருந்த இடத்தில் இன்னொருவர் சேர்ந்தால், அதுவரை பிஎஃப் இல்லாத மற்றவர்களுக்கும் கணக்கு திறக்கும். உண்டான வேலை ஒன்றே ஒன்று.

போக்கு தெரிய வேண்டுமானால் ஜனவரி-மார்ச்சை முந்தைய ஆண்டின் ஜனவரி-மார்ச்சோடு ஒப்பிடுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் காலத்தையும், கல்லூரி முடித்த பிள்ளைகள் வேலை தேடி இறங்கும் ஜூலையையும் பக்கத்தில் வைத்தால் எதுவும் விளங்காது. 2025 ஜனவரியில் மாதிரி எடுக்கும் முறையே மாறிவிட்டதால் 2024 எண்ணை அதற்குப் பிந்தையதோடு நேராக ஒட்டவும் கூடாது. 0.2, 0.3 ஏறி இறங்குவதற்கெல்லாம் பதிவு போட வேண்டாம், அது மாதிரிப் பிழைக்குள், அதாவது எல்லாரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்பதால் வரும் வித்தியாசத்துக்குள், அடங்கிவிடும். மாதச் சம்பளக்காரர் பங்கு எவ்வளவு, சுயதொழில் பங்கு எவ்வளவு என்கிற அட்டவணைக்குப் போங்கள். ஐ.டி.யில் வேலை போன பையன் டெலிவரி வண்டி ஓட்டினால் வேலையின்மை ஏறாது, சம்பளக்காரர் பங்குதான் இறங்கும்.

கர்நாடக அரசின் வேலையில்லா இளைஞர் உதவித்தொகையான யுவநிதிக்கு வந்த விண்ணப்பங்களை எண்ணி, வேலையில்லாப் பட்டதாரிகள் இத்தனை பேர் என்போருக்கும் ஒரு வார்த்தை. பட்டதாரிக்கு மாதம் 3,000, டிப்ளமோவுக்கு 1,500 தரும் அந்தத் திட்டத்துக்குத் தேர்ச்சிக்குப் பின் 180 நாள் வேலையின்றி இருந்திருக்க வேண்டும், கர்நாடகத்துக்காரராகவும் இருக்க வேண்டும். சேலத்தில் படித்துவிட்டு பெங்களூர் மடிவாளாவில் பிஜி விடுதியில் தங்கி இன்டர்வியூவுக்கு அலையும் பையன் அந்த எண்ணிக்கையில் வரவே மாட்டான்.