‘எட்’ என்ற உச்சரிப்பு பற்றி ஒரு திருத்தம்

ஆங்கிலத்தின் ஒழுங்கு வினைகள் (இறந்தகாலத்தில் ஒரே முறையில் மாறுபவை) அனைத்துக்கும் இறந்தகாலத்தில் ‘ஈ, டி’ என்ற எழுத்துகளைச் சேர்த்து ‘எட்’ என்று உச்சரித்தால் போதும் என ஒருவர் எழுதியிருப்பது, எழுத்தளவில் பெரும்பாலும் சரி என்றாலும், உச்சரிப்பில் தவறு. வினையின் கடைசி எழுத்தையன்று, கடைசி ஒலியைப் பொறுத்து அவ்விகுதி மூன்று விதமாக ஒலிக்கும். தொண்டையில் விரலை வைத்து ‘வாக்’ (walk) என்று சொல்லிப் பாருங்கள். இறுதி ஒலியில் அதிர்வு இராது, ஆகவே விகுதியும் அதிர்வின்றி, ஏறத்தாழ ‘பட்டு’ என்பதன் டகரம்போல், ‘வாக்ட்’ என ஓரசையாகவே முடியும். ‘பிளே’ (play), ‘கால்’ (call) ஆகியவற்றில் அதிர்வு தொடர்வதால், ‘வண்டி’யில் வரும் டகரத்துக்கு நெருங்கிய ஒலி பிறக்கும். ‘வான்ட்’ (want), ‘நீட்’ (need) என அவ்விரு டகர ஒலிகளில் ஒன்றிலேயே முடியும் வினைகளுக்கு மட்டுமே தனி அசை கூடி ‘வான்டிட்’, ‘நீடிட்’ என்றாகும். நம் பிள்ளைகள் ‘வாக்கெட்’, ‘ஸ்டாப்பெட்’ என்று வாசிப்பது அவர்கள் குறையன்று. எழுத்தை மட்டும் காட்டி, ஒலியைக் காட்டாமல் கற்பித்ததன் விளைவு. எழுத்திலும்கூட, இவ்விகுதி சேரும்போது ‘ஸ்டாப்’ (stop) இறுதி மெய்யை இரட்டிக்க, முதலசையில் அழுத்தம் பெறும் ‘விசிட்’ (visit) இரட்டிப்பதில்லை.