டிசால்வ் போட்டால் வெட்டு மறைந்துவிடாது
"இரண்டு கிளிப் சேரும் இடத்திலெல்லாம் ஒரு செகண்ட் டிசால்வ் போடுங்கள், வெட்டே தெரியாது" என்று வீடியோ எடிட்டிங்குக்கு இங்கே ஒருவர் சொன்ன யோசனை சரியில்லை. டிசால்வ் என்றால் ஒரு காட்சி மங்கி மறைய, அடுத்தது அதன்மேல் மெல்லத் தெளிவாவது. அது ஓட, வெட்டுக்கு அப்பாலும் காட்சி மிச்சம் இருக்க வேண்டும். ஒரு செகண்ட் டிசால்வை வெட்டின் நடுவில் வைத்தால், முதல் கிளிப்பின் வாலிலும் அடுத்ததன் தலையிலும் அரை செகண்ட் மிச்சம் வேண்டும். செகண்டுக்கு 25 பிரேம் (தனிப் படம்) ஓடும் வீடியோவில் சுமார் 13 பிரேம். அது இல்லாவிட்டால் எடிட்டிங் மென்பொருளான பிரிமியர் ப்ரோ கடைசி பிரேமையே திரும்பத் திரும்பக் காட்டும், ஆள் சிலையாக நிற்பார். இன்னொரு மென்பொருளான டாவின்சி ரிசால்வ், கிளிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும்.

அப்புறம், உறுத்துவது பெரும்பாலும் படம் இல்லை, சத்தம்தான். அக்கா கல்யாண வீடியோவில் கெட்டிமேளம் பாதியில் அறுந்து அடுத்த ஷாட்டில் வேறு இடத்திலிருந்து தொடங்கியது. எத்தனை டிசால்வ் போட்டும் பயனில்லை. கடைசியில் ஒரே கிளிப்பின் ஆடியோவை முழுசாக ஓடவிட்டு, அதற்கு மேலுள்ள டிராக்கில் (அடுக்கில்) படத்தை மட்டும் மாற்றினேன். டிசால்வ் இல்லாத நேர் வெட்டுதான், யாருக்கும் தெரியவில்லை. பேச்சு வரும் இடத்தில் அடுத்தவர் குரலை அவர் முகத்துக்கு அரை செகண்ட் முன்பே நுழைத்துப் பாருங்கள். டிசால்வ், காலம் மாறுகிறது என்று காட்ட நல்லது. தாலி கட்டும் நேரத்தில் எதற்கு?