அடாப்டரால் ஒளி குறைவதில்லை

டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே பிரதிபலிக்கும் ஆடி கொண்ட கேமரா) லென்ஸை அடாப்டர் எனும் இணைப்பு வளையம் வழியாக, ஆடியில்லாத மிரர்லெஸ் கேமராவில் பொருத்தினால் ஒரு ஸ்டாப் ஒளி (அதாவது பாதி) குறையும், கூர்மையும் போய்விடும், எனவே பழைய லென்ஸ்களை விற்றுவிடுவதே நல்லது என்று சிலர் சொல்வது சரியன்று. கேனனின் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ் வகையான ஈ.எஃப். லென்ஸின் பின்விளிம்பு சென்சாரிலிருந்து 44 மி.மீ. தொலைவில் அமர வேண்டும். 2018இல் வந்த, கேனன் மிரர்லெஸ் கேமராக்களின் ஆர்.எஃப். மவுன்ட்டில் (லென்ஸ் பொருந்தும் இடம்) அத்தொலைவு 20 மி.மீ. மட்டுமே என்பதால், எஞ்சிய 24 மி.மீ. இடைவெளியை நிரப்புவதுதான் அடாப்டரின் வேலை. கேனனின் சாதாரண அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடியே கிடையாது, ஆகவே எஃப்/1.8 (ஒளி நுழையும் திறப்பின் அளவு) லென்ஸ் எஃப்/1.8 ஆகவே இருக்கும். ஒரு ஸ்டாப் இழப்பு என்பது படத்தை 1.4 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் டெலிகன்வெர்ட்டர் என்ற துணைக்கருவிக்குப் பொருந்தும் செய்தி. அப்படிச் சொல்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கலாம்.

உண்மையான வரம்பு வேறிடத்தில் உள்ளது. நிக்கானின் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்களை அதன் மிரர்லெஸ் கேமராவில் பொருத்தும் எஃப்.டி.இசட். அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால், கேமராவின் மோட்டாரை நம்பியிருக்கும் ஏ.எஃப்-டி வகை லென்ஸ்களில் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும் (நிக்கான் டி3500 போன்ற மோட்டார் இல்லாத கேமராக்களை வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல). தமக்குள்ளேயே மோட்டார் கொண்ட ஏ.எஃப்-எஸ் லென்ஸ்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சிறிய சென்சாருக்கான கேனன் ஈ.எஃப்-எஸ் லென்ஸை, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமராவில் மாட்டினால் படத்தின் ஓரங்கள் வெட்டப்பட்டு (கிராப் ஆகி), மெகாபிக்சல் பாதிக்கும் கீழே இறங்கும். அவற்றை மட்டும் விற்பதில் நியாயமுண்டு. நல்ல ஈ.எஃப். 70-200 ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர் அவசரப்பட வேண்டியதில்லை.